முரசு வருத்தத்துக்கு விற்றமின் குளிசை போதுமா?

(சம்பளக் கிழமையில் பிள்ளைக் காம்பராவில் நடந்த சுகாதாரக் கூட்டத்தில் தோட்ட நலன்புரி உத்தியோகத்தர் ஆற்றிய உரை)



மலையில் இருந்து இறங்கி, கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு, வீட்டில் அடுப்பு மூட்ட வேண்டிய நேரத்தில் இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். அதனால் நாங்கள் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம். போன கூட்டத்தில் நீங்கள் கேட்ட கேள்விகளில் ஒன்றுக்கு அன்றைக்கு எங்களால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. “பல் விளக்கும்போது ரத்தம் வருது, முரசு வீங்குது, இதுக்கு விற்றமின் குளிசை குடிச்சா சரியாப் போகுமா?” என்பதுதான் அந்தக் கேள்வி. முரசு என்றால் பல்லைப் பிடித்துக்கொண்டிருக்கும் சதை. ஈறு என்றும் நம்மில் பலர் சொல்லுவோம்.

பதில் சொல்வதற்கு முன்னால் நாங்கள் செய்த ஒரு பிழையைச் சொல்லிவிட வேண்டும்.

தொங்கல் லயத்தில் ஒரு அக்கா இருக்கிறார். வயது நாற்பதுக்கு உள்ளேதான். சில வருடங்களுக்கு முன்னால் அவர் எங்களிடம் வந்து, வாயில் ரத்தம் வருகிறது என்று சொன்னார். நாங்களும் எங்கோ வாசித்த ஞாபகத்தில், “விற்றமின் சத்துக் குறைவாக இருக்கும் அக்கா, டவுனில் குளிசை வாங்கிக் குடிச்சுப் பாருங்க” என்று சொல்லிவிட்டோம். டவுன் கடைக்காரர் சாதாரண விற்றமின் சி குளிசையோடு விட்டுவிடாமல், அன்டிஒக்சிடன்ட் என்று பெரிதாக எழுதிய ஒரு போத்தலையும் சேர்த்துக் கொடுத்திருக்கிறார். ஒரு போத்தலுக்கு இரண்டு நாள் பேர் போய்விடும். அக்கா ஐந்து மாதம் விடாமல் குடித்தார்.

இடையில் ஒரு நாள் அவரைப் பெரட்டுக்களத்தில் கண்டு, எப்படி இருக்கிறது என்று கேட்டோம். “நல்லாருக்குங்க ஐயா, ரத்தம் நின்னுருச்சு” என்றார். எங்களுக்கும் சந்தோஷம். பிறகுதான் உண்மை தெரிய வந்தது. ரத்தம் வரும் இடத்தில் பிரஷ் பட்டால் வலிக்குமே என்று பயந்து, கீழ் முன் பற்களை அவர் விளக்குவதையே விட்டிருந்தார். பிரஷ் படாத இடத்தில் ரத்தம் எப்படித் தெரியும்? அது நின்றதைக் குளிசை செய்த வேலை என்று அவரும் நம்பினார், நாங்களும் நம்பினோம். ஆறாம் மாதம் வந்து, “ஐயா, குளிசையும் முடிஞ்சிருச்சு, பல்லு மட்டும் ஆடுது” என்றார். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். பல் டாக்டர் அம்மா பார்த்துவிட்டு, இரண்டு பல்லைக் காப்பாற்ற முடியாது என்று சொல்லிக் கழற்றினார். மற்றப் பற்களில் கல் மாதிரிப் பிடித்திருந்ததை எல்லாம் சுரண்டிச் சுத்தம் செய்தார். “இந்தக் குளிசையை யார் குடிக்கச் சொன்னது?” என்று கேட்டார். அக்கா எங்களைக் காட்டிக் கொடுக்கவில்லை. நாங்களேதான் சொன்னோம்.

அதற்குப் பிறகு இதைப் பற்றிக் கேட்டும் வாசித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இன்றைக்கு உங்களிடம் சொல்கிறோம்.

விற்றமினுக்கும் முரசுக்கும் தொடர்பே இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. பழைய காலத்தில் மாதக்கணக்காகக் கப்பலில் போன மாலுமிகளுக்கு ஒரு வருத்தம் வந்தது. முரசு வீங்கிக் கறுத்து, ரத்தம் கசிந்து, பல் ஆடி விழும். பழைய காயம்கூடத் திறந்துகொள்ளும். ஸ்கர்வி என்று அதற்குப் பெயர். 1747 இல் ஜேம்ஸ் லிண்ட் என்ற கப்பல் டாக்டர், சலிஸ்பரி என்ற இங்கிலாந்துக் கடற்படைக் கப்பலில் நோயாளிகள் 12 பேரை இரண்டிரண்டு பேராகப் பிரித்து ஒவ்வொரு சோடிக்கும் ஒவ்வொரு மருந்து கொடுத்துப் பார்த்தார். ஒரு சோடிக்கு வினாகிரி, ஒரு சோடிக்குக் கடல் தண்ணீர், இப்படிப் பல. தோடம்பழமும் எலுமிச்சம்பழமும் சாப்பிட்ட இரண்டு பேர்தான் ஒரு கிழமைக்குள் எழும்பி நடமாடினார்கள். அந்தப் பழங்களில் இருந்த சத்துத்தான் விற்றமின் சி என்று விளங்க இன்னும் ஏறத்தாழ இருநூறு வருடம் ஆனது. 1937 இல் அந்த ஆராய்ச்சிக்காக ஹங்கேரி நாட்டு விஞ்ஞானி சென்ட் ஜோர்ஜிக்கு நோபல் பரிசு கொடுத்தார்கள்.

ஆகவே, உடம்பில் விற்றமின் சி அடியோடு இல்லாமல் போனால் முரசு கெடும் என்பது உண்மை. கடைக்காரர் சொல்வதிலும் அந்த அளவுக்கு உண்மை இருக்கிறது. ஆனால் நம்மில் அநேகம் பேருக்கு இருப்பது ஸ்கர்வி இல்லை. கப்பல் மாலுமிகளுக்கு மாதக்கணக்காகப் பச்சைக் காய்கறியே கிடைக்கவில்லை. நம் லயத்துக்குப் பின்னாலேயே கொய்யாமரம் நிற்கிறது, தோட்டத்தில் கீரை இருக்கிறது. பிறகு ஏன் நம் முரசில் ரத்தம் வருகிறது?

இதற்குப் பதில் கண்டுபிடித்தவர்களில் முக்கியமான ஒருவர் நோர்வே நாட்டுப் பல் வைத்தியப் பேராசிரியர் ஹரால்ட் லோ. அவர் டென்மார்க்கில் வேலை செய்த காலத்தில், 1965 இல் ஒரு பரிசோதனையின் முடிவை வெளியிட்டார். நல்ல சுகதேகிகள் 12 பேர், பெரும்பாலும் பல் வைத்தியம் படிக்கும் மாணவர்கள். பல் விளக்குவதை அடியோடு நிறுத்தச் சொன்னார். வேறு எதையும் மாற்றவில்லை, வழக்கமான சாப்பாடுதான். இரண்டு மூன்று கிழமைக்குள் 12 பேருக்குமே முரசு சிவந்து வீங்கிவிட்டது. திரும்ப விளக்கத் தொடங்கியதும் ஒரு கிழமை போல நாளில் எல்லோருக்கும் சுகமாகிவிட்டது. குளிசை ஒன்றும் கொடுக்கவில்லை. சாப்பாட்டில் சத்துக் குறையாத ஆட்களுக்கும், விளக்காமல் விட்டால் முரசு வருத்தம் வரும் என்பது இதில் தெளிவாயிற்று.

அதே லோ அவர்கள் பிறகு வந்த இடம் எது தெரியுமா? நம் மலையகம். 1970 இல் பூண்டுலோயாப் பக்கம் டன்சினன், ஹரோ என்ற இரண்டு தேயிலைத் தோட்டங்களில் வேலை செய்த 480 ஆண் தொழிலாளர்களின் வாயை அவரும் அவருடைய ஆட்களும் பரிசோதித்தார்கள். அப்போது அவர்களுக்கு வயது 14 முதல் 30 வரை. பிறகு 1971, 1973, 1977, 1982, 1985 என்று திரும்பத் திரும்ப வந்து அதே ஆட்களைப் பார்த்தார்கள். 1985 இல் பழைய ஆட்களில் 161 பேர்தான் இருந்தார்கள். அந்தப் பதினைந்து வருடத்தில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தப்படி எத்தனை குடும்பம் கப்பலேறிப் போனது என்பது இங்கே இருக்கும் பெரியவர்களுக்குத் தெரியும்.

அந்தத் தொழிலாளர்கள் நாம் இன்றைக்குப் பல் விளக்குகிற மாதிரி விளக்கியவர்கள் அல்ல. பல் டாக்டரைக் கண்டவர்களும் அல்ல. எல்லோருடைய பல்லிலும் அழுக்கும் கல்லும் கறையும் நிறைய இருந்தன. முரசு வீங்காத ஆள் இல்லை என்றே சொல்லலாம். ஆனால் சூத்தைப் பல் அவர்களிடம் கிட்டத்தட்ட இல்லை. ஆகவே பல் விழுந்தது என்றால் அது பெரும்பாலும் முரசு வருத்தத்தால்தான். 1986 இல் முடிவை எழுதினார்கள். நூறு பேரில் 8 பேருக்கு வருத்தம் வேகமாகப் போனது. இருபது வயதில் பல் விழத் தொடங்கி, முப்பத்தைந்து வயதில் 12 பல் போய், நாற்பத்தைந்து வயதில் வாயில் ஒரு பல்லும் இல்லை. 81 பேருக்கு மெதுவாகப் போனது. முப்பது வயதுக்குப் பிறகு பல் விழ ஆரம்பித்து, நாற்பத்தைந்து வயதில் சராசரியாக 7 பல் போயிருந்தது. மிச்சம் 11 பேருக்கு முரசு வீங்கியதோடு சரி, பல் விழவில்லை.

ஒஸ்லோ நகரத்தில் ஒழுங்காகப் பல் டாக்டரிடம் போய் வந்த 565 மாணவர்களையும் படித்தவர்களையும் 1969 தொடக்கம் இதே மாதிரிப் பார்த்தார்கள். நாற்பது வயதை நெருங்கும்போது அவர்களுக்கு முரசுப் பிடிப்பு விட்டது சராசரியாக ஒன்றரை மில்லிமீட்டர் அளவு. நம்மவர்களுக்கு நாலரை மில்லிமீட்டர்.

இந்தக் கணக்குகள் இன்றைக்கும் உலகத்துப் பல் வைத்தியப் புத்தகங்களில் பாடமாக இருக்கின்றன. வெளிநாட்டில் பல் வைத்தியம் படிக்கிற பிள்ளைகளுக்கு நம் தோட்டத்து ஆட்களின் வாயைப் பற்றித் தெரியும். நமக்குத் தெரியாது. பதினைந்து வருடம் வந்து பார்த்தார்களே, அந்த மனிதர்களுக்கு விளக்கும் முறையை யார் சொல்லிக் கொடுத்தது என்று கேட்கத் தோன்றுகிறது. நியாயமான கேள்விதான். 2010 இல் வேறு ஆராய்ச்சியாளர்கள் வந்து, பழைய 480 பேரில் 75 பேரைத் தேடிப் பிடித்து மறுபடி பார்த்தார்கள். நாற்பது வருடக் கணக்கிலும் அழுக்கு, கல், முரசு வீக்கம் இவற்றின் பெயர்தான் முன்னுக்கு வந்தது.

விற்றமின் விஷயத்தை யாரும் பார்க்காமலும் விடவில்லை. லோவுக்கு முன்னாலேயே வேர்ஹாக் என்ற இன்னொரு நோர்வேப் பேராசிரியர் இலங்கையில் ஆட்களைப் பரிசோதித்து 1967 இல் அறிக்கை வெளியிட்டிருக்கிறார். வயது, வாய்ச் சுத்தம், விற்றமின் குறைவு, போசாக்கின்மை, வெற்றிலை, புகையிலை எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்ததில் முதலில் நின்றவை வயதும் வாய்ச் சுத்தமும்தான். வயதை நாம் ஒன்றும் செய்ய முடியாது.

இப்போது அந்த அன்டிஒக்சிடன்ட் என்ற சொல்லுக்கு வருவோம். சாப்பிட்ட பிறகு பல்லில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பசை படியும். அது முழுக்கக் கிருமி. நாளுக்கு நாள் தடித்து, எச்சிலில் உள்ள சுண்ணாம்புச் சத்தோடு சேர்ந்து கல்லாக இறுகும். இறுகிய கல் பிரஷுக்கு அசையாது. அந்தக் கிருமியைக் கொல்ல உடம்பு வெள்ளை அணுக்களை அனுப்புகிறது. அவை ஒட்சிசனில் இருந்து ஒருவிதச் சூடான பொருளை உண்டாக்கிக் கிருமியை எரிக்கின்றன. மானாப் புல்லுக்கு வைத்த நெருப்பு காற்றில் பக்கத்துத் தேயிலைக்கும் தாவுவது போல, இந்த எரிப்பு கிருமியோடு நிற்காமல் நம் முரசுச் சதையையும் எலும்பையும் சேர்த்து அழிக்கிறது. அந்த நெருப்பைத் தணிக்கிற பொருட்களுக்குத்தான் அன்டிஒக்சிடன்ட் என்று பெயர். விற்றமின் சி, விற்றமின் ஈ, கரட்டிலும் பப்பாசியிலும் இருக்கிற கரோட்டீன் எல்லாம் அந்த வகை. நாம் கிள்ளுகிற கொழுந்திலும் அந்த வகைப் பொருள் இருக்கிறது. அதனால்தான் தேயிலைப் பெட்டியில்கூட இந்தச் சொல்லைப் போட்டு விற்கிறார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் காய்ந்த புல்லை வெட்டி அகற்றாமல், வாளியில் தண்ணீரை வைத்துக்கொண்டு எத்தனை நாளைக்கு நிற்பது? பல்லில் கிருமியும் கல்லும் இருக்கும்வரை நெருப்பு திரும்பத் திரும்பப் பிடிக்கும்.

கொடுத்துப் பார்த்த கதையையும் சொல்கிறோம். 1986 இல் அமெரிக்காவில் 11 ஆண்களுக்குச் சாப்பாட்டில் விற்றமின் சியைக் குறைத்துப் பார்த்தார்கள். முரசில் ரத்தக் கசிவு கூடியது. திரும்பக் கொடுத்ததும் குறைந்தது. ஆனால் பல்லுக்கும் முரசுக்கும் இடையில் இருக்கும் பள்ளத்தின் ஆழம் மாறவில்லை. 2005 இல் ஜெர்மனியில் முரசு வருத்தக்காரர்களுக்கு நாளுக்கு இரண்டு பம்பளிமாசு வகைப் பழம் இரண்டு கிழமைக்குக் கொடுத்தார்கள். அங்கேயும் அதே கதை, ரத்தம் குறைந்தது, பள்ளம் குறையவில்லை. 2010 இல் சிரியாவில், பல்லைச் சுத்தம் செய்ததோடு நாளுக்கு 2000 மில்லிகிராம் விற்றமின் சியும் சிலருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். சுத்தம் செய்தவர்கள் எல்லோருக்கும் சுகம் கிடைத்தது. குளிசை குடித்தவர்களுக்கு அதைவிட அதிகமாக ஒன்றும் கிடைக்கவில்லை. விற்றமின் ஈ குளிசையைச் சுத்தம் செய்வதோடு சேர்த்துக் கொடுத்துக் கொஞ்சம் நன்மை கண்டதாகச் சில சிறிய ஆராய்ச்சிகள் இருக்கின்றன. அங்கேயும் முதலில் சுத்தம் செய்திருக்கிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

இதில் எங்களுக்குப் பயமாக இருக்கும் இடம் ரத்தம் குறைவதுதான். உடம்பில் சத்துக் குறைந்திருந்த ஆளுக்குக் குளிசையால் ரத்தம் குறையலாம். குறைந்ததும் சுகம் என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடுவோம். உள்ளே பள்ளம் அப்படியே இருக்கும், எலும்பு கரைந்துகொண்டே இருக்கும். முரசு வருத்தத்துக்கு வலியும் பெரிதாக இல்லை. வலி வரும்போது பல் ஆடும். கரைந்த எலும்பு பழையபடி வளர்ந்து வராது. பீடி, சிகரட் குடிப்பவர்களுக்கு இன்னும் மோசம், புகையால் ரத்தம் வெளியே தெரியாமல் மறைந்துவிடும். அவர்களுக்கு ரத்தம் வராததே ஏமாற்று.

பீடி, சிகரட் குடிப்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பின்லாந்தில் புகை பிடிக்கும் ஆண்கள் இருபத்தொன்பதாயிரம் பேருக்கு மேல் சேர்ந்த ஒரு ஆராய்ச்சி 1994 இல் வெளியானது. கரோட்டீன் குளிசை குடித்தவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறையும் என்று எதிர்பார்த்தார்கள். நடந்தது எதிர்மாறு, 18 வீதம் கூடியது. கரட் சாப்பிட்டால் ஒன்றும் வராது, பயப்பட வேண்டாம். குளிசையில் செறிவாக வருவதுதான் பிரச்சினை. விற்றமின் சி குளிசையும் அளவுக்கு மிஞ்சிக் குடித்தால் வயிற்றுப்போக்கு வரும், சிலருக்குச் சிறுநீரகக் கல்லும் வரும்.

அப்படியானால் சத்து வேண்டாமா? வேண்டும், போத்தலில் வேண்டாம். ஒரு பெண்ணுக்கு நாளுக்கு 75 மில்லிகிராம், ஆணுக்கு 90 மில்லிகிராம் விற்றமின் சி தாராளம் என்று அமெரிக்கக் கணக்கு. 100 கிராம் கொய்யாப்பழத்தில் 200 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பிள்ளைகள் கல்லெறிந்து விழுத்துகிற ஒரு கொய்யாப்பழம் ஒரு நாளுக்குக் காணும். பப்பாசி, நெல்லிக்காய், தோடம்பழம், தக்காளி, பச்சை மிளகாய் எல்லாவற்றிலும் உண்டு. வல்லாரையைச் சம்பலாகப் பச்சையாகச் சாப்பிடுவது நல்லது. கீரையைக் கழுவிவிட்டு வெட்டுங்கள், வெட்டிவிட்டுத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள், இந்தச் சத்துத் தண்ணீரோடு போய்விடும். அதிக நேரம் வேக வைத்தாலும் போய்விடும். ரொட்டிக்கு அரைக்கிற சம்பலில் எலுமிச்சம் புளியைக் கடைசியாகப் பிழியுங்கள். நாம் குடிக்கிற தேத்தண்ணியில் விற்றமின் சி இருக்கிறது என்று மட்டும் கணக்குப் போட வேண்டாம். தேத்தண்ணி குடிப்பதால் முரசு குணமாகும் என்றால், நம்மைப் போலப் பல் உள்ளவர்கள் உலகத்தில் இருக்க மாட்டார்கள்.

விளக்குகிற முறையைப் பற்றிப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கிறார்கள். நமக்குத்தான் யாரும் சொல்லவில்லை. மெதுவான பிரஷ் வாங்குங்கள். பல்லும் முரசும் சேரும் இடத்தில் பிரஷைச் சாய்த்து வைத்து, சின்னச் சின்னதாக அசைத்து, இரண்டு நிமிடமாவது எல்லாப் பக்கமும் விளக்குங்கள். காலையில் பெரட்டுக்கு ஓடுகிற அவசரத்தில் முடியாவிட்டாலும், இரவு சாப்பிட்ட பிறகு விளக்காமல் படுக்காதீர்கள். கரியும் செங்கல் தூளும் வேண்டாம், பல்லையும் முரசையும் தேய்த்துவிடும். ரத்தம் வருகிற இடத்தை விட்டுவிடாதீர்கள். அங்கேதான் அழுக்கு இருக்கிறது. தொங்கல் லயத்து அக்காவுக்கு நடந்தது அதுதான். மெதுவாக, ஆனால் விடாமல் விளக்கினால் ஒன்றிரண்டு கிழமையில் ரத்தம் குறைய வேண்டும். குறையாவிட்டால் கல் பிடித்திருக்கிறது என்று அர்த்தம். அதை டாக்டர்தான் எடுக்க வேண்டும். கல் எடுத்தால் பல் ஆடும் என்று ஒரு பேச்சு லயங்களில் இருக்கிறது. ஆடுகிற பல்லைக் கல் மறைத்து வைத்திருக்கும், எடுத்ததும் தெரிய வரும், அவ்வளவுதான்.

சீனி வருத்தம் உள்ளவர்கள் கட்டாயம் காட்டுங்கள். சீனி கூடினால் முரசு கெடும், முரசு கெட்டால் சீனியும் அடங்காது. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது முரசு வீங்கி ரத்தம் வருவது பலருக்கும் நடக்கும். அதற்காகக் கடையில் குளிசை வாங்க வேண்டாம், கிளினிக்கில் தருவதை மட்டும் குடியுங்கள், பல்லையும் காட்டுங்கள். வெற்றிலை, பாக்கு, புகையிலை போடுகிற பெரியவர்களோடு நாங்கள் சண்டைக்கு வரவில்லை. ஆனால் பாக்கே புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சிப் பிரிவு சொல்லியிருக்கிறது. வாயில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ தழும்பு, ஆறாத புண், வாய் திறக்கக் கஷ்டம் இருந்தால் முரசுக்குப் போகிற அன்றைக்கே அதையும் காட்டுங்கள்.

ஒரு தாய் போன தடவை கேட்டார், “ஐயா, ஆஸ்பத்திரிக்குப் போனா ஒரு நாள் பேர் போகுமே, குளிசைன்னா வேலைக்குப் போய்க்கிட்டே குடிக்கலாமே” என்று. இந்தக் கேள்விக்கு எங்களிடம் லேசான பதில் இல்லை. பஸ்ஸுக்குக் காசு, அரை நாள் வரிசை, அன்றைய பேர், எல்லாம் உண்மை. ஆனால் அரசாங்க ஆஸ்பத்திரியில் பல் பார்க்கக் காசு இல்லை. அந்த அக்கா ஐந்து மாதம் குளிசைக்குக் கொடுத்ததைக் கணக்குப் பார்த்தோம். பத்து நாள் பேர். ஆஸ்பத்திரிக்கு அவர் போனது மூன்று தரம். முதலிலேயே போயிருந்தால் இரண்டு தரத்தோடு முடிந்திருக்கும், அந்த இரண்டு பல்லும் இருந்திருக்கும் என்று டாக்டர் அம்மா சொன்னார்.

ஆட்கள் தனித்தனியாகப் போய் அலையாமல் இருக்க, எட்டுப் பத்துப் பேராகச் சேர்த்து, வேலை குறைந்த நாளாகப் பார்த்து அனுப்ப முடியுமா என்று துரையிடம் கேட்டிருக்கிறோம். பெயர்ப் பட்டியலைக் கொண்டு வாருங்கள், பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். ஆகவே பட்டியல் வேண்டும். பல் விளக்கும்போது ரத்தம் வருபவர்கள், பல் ஆடுபவர்கள், முரசு இறங்கிப் பல் நீண்டு தெரிபவர்கள், சீனி வருத்தக்காரர், பிள்ளைத்தாய்ச்சிகள் முதலில் பெயரைக் கொடுங்கள். மேட்டு லயத்துக்காரர்கள் பிள்ளைக் காம்பரா அம்மாவிடமும், மற்றவர்கள் டிஸ்பென்சரியிலும் கொடுக்கலாம். தொங்கல் லயத்துப் பெயர்களை எழுதுவது அந்த அக்காவேதான். அவரே கேட்டு வாங்கிய வேலை.

வீட்டில் குளிசைப் போத்தல் வைத்திருப்பவர்கள் அதையும் கையோடு எடுத்து வாருங்கள். ஒளித்து வைக்க வேண்டாம், யாரும் ஏச மாட்டோம். என்ன குளிசை, எவ்வளவு குடித்தீர்கள் என்று டாக்டர் பார்க்க வேண்டும்.